தூணில் எழுதிய எடை

கறம்பக்குடி கடலை மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களில் ரத்தினவேல்தான் குள்ளம். கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் அந்தத் தோளுக்கு இருக்கிற அறிவு படித்தவர்கள் பாதிப் பேருக்குத் தலையில் கிடையாது. மூட்டையை ஏற்றிய மாத்திரத்தில் எடையைச் சொல்லிவிடுவார். உள்ளே யாராவது கல்லைப் போட்டு வைத்திருந்தால் நாலு எட்டு வைப்பதற்குள் நின்றுவிடுவார். "கடலை பாரம் பரவி ஒக்காரும், கல்லு பாரம் ஒரு மூலையில தொங்கும்" என்பார். பிரித்துப் பார்த்தால் கல் இருக்கும். இருபத்தைந்து வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை. பத்தொன்பது வயதில் திருச்சிக்கு ராணுவ ஆளெடுப்புக்குப் போனார், எடுக்கவில்லை. "சிபாரிசு இல்ல, அதான் தட்டிவிட்டுட்டானுக" என்று அந்தக் கதையை மண்டியில் எத்தனை முறை சொல்லியிருக்கிறார் என்பதற்குக் கணக்கில்லை. அவர் வாயைத் திறந்தாலே கூட வேலை பார்க்கும் அய்யப்பன் மீதியைச் சொல்லி முடித்துவிடுவான்.

அவருடைய ஒரே மகள் கலைமதி பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். விளையாட்டு ஆசிரியை ரம்யா டீச்சர் வந்த பிறகு அந்தப் பெண்கள் பள்ளியில் ரக்பி நுழைந்தது. ரத்தினவேலின் மனைவி சுகுணாவுக்கு அந்த முட்டைப் பந்தைக் கண்டாலே ஆகாது. "பொம்பளப் புள்ளய மண்ணுல போட்டு உருட்டவா பள்ளிக்கூடம் அனுப்புறோம்?" என்று ஒரு வாரம் சண்டை. என்னதான் நடக்கிறது என்று பள்ளி மைதானத்துக்குப் பார்க்கப் போன ரத்தினவேல் அந்த ஆட்டத்தில் அங்கேயே சொக்கிப்போனார். ஸ்க்ரம் என்று ஒன்று. இரண்டு அணியின் முன்வரிசையும் குனிந்து, தோளோடு தோள் கோத்து, எதிராளியை முட்டித் தள்ளுகிறார்கள். தலை கீழே, இடுப்பு நேராக, பலமெல்லாம் தொடையில். "அட, இது நம்ம தொழிலுல்ல!" என்று பக்கத்தில் நின்ற வாட்ச்மேனிடம் சத்தமாகவே சொன்னார்.

ஜூன் மாதம் ரம்யா டீச்சர் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். "முன்வரிசைக்கு நல்ல ஆளுங்க உங்க பொண்ணு. ஆனா வளர்ற புள்ள, அம்பத்திரண்டு கிலோதான் இருக்கா. எடை இல்லாம அங்க நிறுத்துனா கழுத்துக்கு ஆபத்து. அம்பத்தாறு வரட்டும், அப்பறம் பாக்கலாம். செப்டம்பர்ல புதுக்கோட்டையில டீம் எடுக்குறாங்க. அதுக்குள்ள வரலேன்னா அடுத்த வருஷம், அவசரமில்லைங்க."

வீடு வந்து சேர்வதற்குள் ரத்தினவேல் மற்றதையெல்லாம் வழியிலேயே உதறிவிட்டு, ஐம்பத்தாறை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து கலைமதிக்குக் காலையில் கேப்பைக் கூழும் இரண்டு முட்டையும். சாயங்காலம் அவித்த கடலை. புதன்கிழமை உளுந்தங்களி, ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழி. ஞாயிறு மதியம் மண்டியில் கடைசி மூட்டை இறங்கியதும் தராசின் மேல் அவளை ஏற்றுவார்கள். தூணில் சாக்பீஸால் எடையை எழுதி, அதைப் போட்டோ எடுத்து டீச்சருக்கு அனுப்புவார். ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நாலு என்று ஏறியது. பிறகு ஐம்பத்து நாலிலேயே நின்றுவிட்டது. பிள்ளை மேலே வளர்ந்துகொண்டிருந்தாள். யூனிபார்ம் பேண்ட் கணுக்காலை விட்டு ஏறிவிட்டது. "திங்கிறதெல்லாம் காலுக்கே போவுதே" என்று சுகுணா தலையில் அடித்துக்கொண்டாள். மூன்று ஞாயிறு ரத்தினவேல் தூணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அணித் தேர்வுக்கு முந்தின ஞாயிறு தராசு ஐம்பத்தாறு காட்டியது.

மண்டியே ஆர்ப்பரித்தது. அய்யப்பன் சாக்பீஸைப் பிடுங்கி, தூணில் பெரிதாக 56 என்று எழுதினான். ரத்தினவேலுக்குத் தலைகால் புரியவில்லை. சின்ன வயதில் தேரோட்டம் பார்க்கத் தூக்கியது போல மகளை அலாக்காகத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டு நடந்தார்.

நாலு எட்டுகூட வைக்கவில்லை. நின்றுவிட்டார்.

மெதுவாக இறக்கிவிட்டார். கலைமதி தரையைப் பார்த்தாள்.

"போட்டோ எடுக்கலயாண்ணே?" என்றான் அய்யப்பன்.

"போன்ல சார்ஜ் இல்லடா. வா தாயி, வீட்டுக்குப் போவோம்."

வழியில் கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்தினார். "எடு" என்றார். ட்ராக் பேண்டின் இரண்டு பையிலிருந்தும் பைக்கு ஒன்றாக ஒரு கிலோ எடைக்கல் வந்தது. தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க மண்டியில் வைத்திருந்த கற்கள். மூத்தவர் ஆவுடையப்பன் இரண்டு நாளாக அவற்றைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

ரத்தினவேலுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கையைக்கூட ஓங்கிவிட்டார். அப்போதுதான் கலைமதி சொன்னாள்.

"மூணு வாரமா அந்தத் தூணையே பாத்துக்கிட்டு நின்னீங்கப்பா. என்னால அதப் பாக்க முடியல."

ஓங்கிய கை தானாக இறங்கியது. அந்தத் தள்ளுமுள்ளுக்கு நடுவே மகளின் மெல்லிய கழுத்து அவர் கண்முன் வந்தது.

"கழுத்துடி தாயி. கழுத்து போயிருக்குமேடி" என்று அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள்.

துண்டால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். "எனக்கும் ரெண்டு கிலோதான் கொறஞ்சுச்சு" என்றார்.

"எதுக்குப்பா?"

"மிலிட்டரிக்கு. அம்பது இருக்கணும். நாப்பத்தெட்டுதான் இருந்தேன். கூட வந்த பய, வாழப்பழம் தின்னுட்டுத் தண்ணியக் குடிடான்னான். எடையில பாஸாயிட்டேன். அப்பறம் ஓட விட்டாங்கெ. ரெண்டாவது ரவுண்டுல அம்புட்டும் வெளிய வந்துருச்சு. சிபாரிசும் இல்ல ஒண்ணும் இல்ல."

கலைமதி மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள். "எத்தன பழம்?"

"பதினெட்டு."

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அம்மாவுக்குத் தெரியுமா?"

"ஒங்கம்மாவுக்கா? தெரிஞ்சா நான் அந்த வீட்டுல குடியிருக்க முடியுமா?"

மறுநாள் விடியற்காலையில், ஆட்கள் வருமுன் கற்களை அதனதன் இடத்தில் வைத்துவிட்டு மறுபடி எடை பார்த்தார்கள். ஐம்பத்து நாலு. போட்டோவை டீச்சருக்குக் கலைமதியே அனுப்பினாள். "முன்வரிசை இந்த வருஷம் வேணாம். ஓரத்துல நிறுத்தி, பந்தோட ஓட விடுறேன்" என்று பதில் வந்தது. தூணில் இருந்த 56ஐ அழிக்க மட்டும் ரத்தினவேலுக்குக் கை வரவில்லை. ஆட்கள் கேட்டால் என்ன சொல்வது?

அணித் தேர்வன்று லீவு போட்டுவிட்டுப் புதுக்கோட்டைக்குப் போனார். கலைமதி நன்றாகத்தான் ஓடினாள். அவளைவிட நன்றாக ஓடுகிறவர்கள் இருந்தார்கள். கடைசியில் பட்டியல் வாசித்தபோது அவள் பெயர் வரவில்லை. பிள்ளை உடைந்துபோவாளே என்று ரத்தினவேல் பதறிக்கொண்டு போனார். அவள் ஷூவைக் கழற்றி மண்ணைத் தட்டிக்கொண்டே, "பசிக்குதுப்பா, புரோட்டா சாப்புடுவமா?" என்றாள்.

திரும்பும் பஸ் முழுக்க அவர் மண்டிக்கு ஒரு கதை தயார் செய்தார். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு வேண்டியவர்கள் உள்ளே இருந்தார்கள் என்று ஆரம்பித்து அது அருமையாக வந்திருந்தது.

மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டுக் கலைமதி மண்டிக்கு வந்தாள். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். ரத்தினவேல் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள். "எடுக்கல பெரியப்பா. முன்வரிசைக்கு எடை பத்தல, ஓடுறதுக்கு வேகம் பத்தல."

"எடை பத்தலயா? அந்தா, அம்பத்தாறுன்னு எழுதியிருக்குல்ல?" என்றார் ஆவுடையப்பன்.

"அது பொய். நீங்க தேடுனீங்களே ரெண்டு கல்லு, அது என் பையிலதான் இருந்துச்சு. அடுத்த வருஷம் ஒழுங்கா ஏத்திருவேன்." அன்றைய கடலை விலையைச் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

ஆவுடையப்பனுக்கு மனசு ஆறவில்லை. "நமக்கெங்கிட்டு தாயி ஆளு இருக்கு? ஒங்கப்பனுக்கும் அன்னைக்கு இப்புடித்தான், சிபாரிசு இல்லாம…"

ரத்தினவேல் மகளைப் பார்த்தார். பதினாறு வயதுப் பிள்ளை, தலை நிமிர்ந்து நிற்கிறாள். இருபத்தேழு வருஷமாகத் தூக்கிச் சுமந்ததை அந்த இடத்திலேயே இறக்கி வைத்தார்.

"சிபாரிசெல்லாம் இல்லண்ணே" என்றார். "வாழப்பழம்."

முழுக்கதையையும் சொன்னார். அய்யப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூட்டைமேல் சாய்ந்தான். ஆவுடையப்பன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கதை ராத்திரிக்குள் சுகுணாவுக்கும் போய்ச் சேர்ந்தது. ரத்தினவேல் பயந்ததுபோல வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. "இதயா இத்தன வருஷம் மறைச்சே?" என்றாள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மண்டிக்குப் போனால், தராசுக்கு மேலே ஆணி அடித்து ஒரு தார் வாழைப்பழம் தொங்கியது. பதினெட்டை எண்ணி விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பிய்த்து ஆட்கள் தின்றிருந்தார்கள். கலைமதி ஒன்றைப் பறித்துத் தின்றுவிட்டுத் தராசில் ஏறினாள்.

ஐம்பத்து நாலு, முந்நூறு கிராம்.

ரத்தினவேல் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தூணில் இருந்த 56ஐத் துடைத்தார். அந்த இடத்திலேயே 54.3 என்று எழுதி, போட்டோ எடுத்து டீச்சருக்கு அனுப்பினார்.