பதினொரு வருடத்து விருந்தாளி

அந்த நாட்களில் எங்கள் ஊரில் எந்த வீட்டு முன்கதவுக்குப் பின்னாலும் ஒரு தாள் தொங்கும். வீட்டில் இருப்பவர்களின் பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதி, பொலிசில் முத்திரை வாங்கிய தாள். சோதனைக்கு வருபவர்கள் எங்கள் முகத்தைப் பிறகுதான் பார்ப்பார்கள். முதலில் பார்ப்பது கதவின் முதுகை. தாளில் இல்லாத ஆள் வீட்டில் இருந்தாலும் கரைச்சல். தாளில் உள்ள ஆள் வீட்டில் இல்லாவிட்டாலும் கரைச்சல்.

நாங்கள் இருந்தது புளியந்தீவில், வாவியைப் பார்த்த இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில். என் மாமனார் அதை மூன்று வீடாகப் பிரித்து, மூன்று மகள்மாருக்கும் சீதனமாக எழுதிவிட்டுக் கண்ணை மூடியவர். எங்கள் பகுதியில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவான். அப்படி ஆரையம்பதியிலிருந்து பெட்டியோடு வந்தவன் நான். மூத்த மருமகன் என்பதால் மேல்மாடி எனக்கும் என் மனைவிக்கும். கீழே முன்பக்கம் நடுவிலாள். அவளுடைய கணவர் கத்தாரில். கீழே பின்பக்கம் கடைசித் தங்கையும், நாலு மாதத்துக்கு முன் மாங்கேணியிலிருந்து வந்த அவள் கணவனும். தோணி இயந்திரம் திருத்துகிற பையன். கையில் எப்போதும் கிறீஸ் கறை. மாமி நடுவிலாளோடு இருப்பதாகப் பெயர். ஆனால் அவருடைய குரல் மூன்று வீட்டிலும் குடியிருந்தது.

பழைய சட்டப்படி வீட்டுக்கொரு தாள். என் வீட்டுத் தாளில் நான் 'குடும்பத் தலைவர்'. அந்தச் சொல்லை வீட்டில் யாரும் நம்பவில்லை என்றாலும், கதவைச் சாத்தும்போதெல்லாம் அதைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன்.

பிறகு சட்டம் மாறியது. ஒரே வாசலுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் இருந்தால் இனிமேல் முழுக் கட்டடத்துக்கும் ஒரே பட்டியல். கட்டடத்துக்கு ஒரு பொறுப்பாளர். பட்டியலில் பிழை இருந்தால் பிடிபடுவது அவர். கிராம சேவகர் சைக்கிளில் வந்து, புதிய படிவத்தையும் விதிமுறைத் தாளையும் தந்துவிட்டு, அடுத்த வாசலுக்குப் போய்விட்டார்.

"ஆர் பொறுப்பு நிக்கிற?" என்று மாமி கேட்டார்.

மூத்த மருமகன் நான் இருக்கும்போது இப்படி ஒரு கேள்வியா? படிவத்தை வாங்கிக்கொண்டேன். என் மனைவி மட்டும், "இஞ்சேருங்க, இது பகிடி விடுற காயிதம் இல்ல. ஆறுதலா, அவசரப்படாம வாசிச்சி எழுதுங்க" என்றாள்.

ஆறுதலாகத்தான் வாசித்தேன். 'அடையாள அட்டையில் உள்ள முகவரியும் வசிக்கும் முகவரியும் வேறுபட்டால், அவரை விருந்தினர் பகுதியில் பதிய வேண்டும்' என்று மூன்றாவது பந்தியில் இருந்தது. இதில்தான் நான் மாட்டினேன். எங்கள் ஆண்கள் பதினாறு வயதில் தாயின் வீட்டு முகவரியில் அடையாள அட்டை எடுப்பார்கள். அதற்குப் பிறகு கலியாணம் முடித்து எந்த ஊருக்குப் போனாலும் அட்டை தாயின் வீட்டை விட்டு அசையாது. பெண்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர்கள் பிறந்த வீட்டில்தான் கடைசிவரை இருக்கிறார்கள்.

சட்டம் சொன்னபடி எழுதினேன். நிரந்தரக் குடியிருப்பாளர் பகுதியில் மாமி, மூன்று மகள்மார், பேரப்பிள்ளைகள். விருந்தினர் பகுதியில் இரண்டு பேர்: நான், கடைசிச் சகலன். எங்களுக்காகச் சில கேள்விகளும் இருந்தன. வருகையின் நோக்கம்: திருமணம். வந்து எவ்வளவு காலம்: எனக்குப் பதினொரு வருடம், அவனுக்கு நாலு மாதம். திரும்பிப் போகும் திகதி: தெரியாது. எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டினேன். மாமி வாய்விட்டுச் சிரித்தார்.

"இத்தன வரிசத்துக்குப் பிறகு இப்பதான் மருமகன் சரியா எழுதியிருக்கிறீங்க."

சகலன் மட்டும் சிரிக்கவில்லை. படிவத்தின் கீழ்ப்பக்கத்தை விரலால் தொட்டு, "அண்ணன், என்ன ஏன் இதுக்குள்ள போட்டிருக்கிற? மாங்கேணி எண்டு வேற எழுதியிருக்கு" என்று கேட்டான்.

"விருந்தாளியெண்டா நல்லாக் கவனிப்பாங்கடா தம்பி" என்றேன்.

இதை எழுதும்போதும் காது சுடுகிறது. மாங்கேணி மாதிரி, போராளிகள் நடமாடும் வாகரைப் பக்கத்து முகவரி என்றாலே சோதனைச் சாவடியில் அட்டையை இரண்டு தரம் திருப்பிப் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. பகிடி வாயில் வந்துவிட்டால் மற்றதெல்லாம் எனக்கு மறந்துவிடும். கடைசியில் 'பொறுப்பாளர்' என்ற இடத்தில் வளைத்து வளைத்து ஒப்பம் வைத்தேன். பொலிசில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினார். தாள் கதவில் ஏறியது.

மூன்றாம் கிழமையில் ஒருநாள், விடிந்து தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் தெருவில் சப்பாத்துச் சத்தம். சுற்றிவளைப்பு. கோப்பையை வைத்துவிட்டு எழும்பினேன். பொறுப்பாளர் அல்லவா, நான்தான் கதவைத் திறக்கவேண்டும். இறங்கி வந்து திறந்தபோது அதிகாரி ஒருவர், நாலைந்து சிப்பாய்கள், மொழிபெயர்க்க ஒரு முஸ்லிம் கொன்ஸ்டபிள். அதிகாரி என்னைப் பார்க்காமல் கதவைத் திருப்பினார். அவர் சிங்களத்தில் கேட்கக் கேட்க, கொன்ஸ்டபிள் தமிழில் கேட்டார்.

"ரெண்டு ஆம்புளயும் விருந்தாளியா?"

"ஓம் சேர்."

"என்னத்துக்கு வந்த?"

"கலியாணத்துக்கு."

அதிகாரி எட்டி முற்றத்தைப் பார்த்தார். பந்தலைத் தேடுகிறார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. "என்ர கலியாணம்தான் சேர். முடிஞ்சி பதினொரு வரிசம்" என்றேன். என் குரல் யாரோ சின்னப்பிள்ளையின் குரல்போல வந்தது. கொன்ஸ்டபிள் உதட்டைக் கடித்துக்கொண்டு மொழிபெயர்த்தார். அதிகாரி சிரிக்கவில்லை.

"பொறுப்பாளர் ஆரு?"

"நான்தான்."

"நீங்க விருந்தாளியெண்டு எழுதியிருக்கே. விருந்தாளி எப்பிடிப் பொறுப்பாளர்?"

பொறுப்பாளர் நிரந்தரக் குடியிருப்பாளராக இருக்கவேண்டும் என்பது முதல் பந்தியிலேயே இருந்தது. மூன்றாவது பந்தியை அப்படி உன்னிப்பாகக் கடைப்பிடித்தவன், முதலாவதை மறந்துவிட்டேன்.

அதிகாரியின் விரல் அடுத்த வரிக்குப் போனது. மாங்கேணி. நாலு மாதம். போகும் திகதி தெரியாது. ஒரு கிழமைக்கு மேல் தங்கும் விருந்தாளியைத் பொலிசில் தனியாக அறிவித்து வாங்கிய துண்டுச் சீட்டு எங்கே என்று கேட்டார். துண்டு இல்லை. நான் எடுக்கவில்லை. சொந்தப் பெண்சாதியோடு இருக்கத் துண்டு எடுப்பதா என்று நினைத்திருந்தேன்.

பின்பக்கத்திலிருந்து சகலனைக் கூட்டி வந்தார்கள். இடுப்பில் சாரம், வெறும் மேல். உடுப்பு மாற்ற விட்டார்கள். அதற்குள் கடைசித் தங்கை என் முன்னால் வந்து நின்றாள். அழவில்லை. "அத்தான், நீங்கதானே எழுதின. நீங்களே சொல்லிக் கூட்டி வாங்க" என்றாள்.

எங்கள் இரண்டு பேரையும் தெருவில் மற்ற ஆண்களோடு சேர்த்துப் பாடசாலை மைதானத்துக்கு நடத்திப் போனார்கள். அங்கே வரிசை வரிசையாக இருத்தினார்கள். வாசலோரம் ஒரு ஜீப். அதற்குள் முகத்தை மூடியபடி ஒருவர். வரிசையில் போகிற ஆளைப் பார்த்து அவர் தலையை ஆட்டினால், ஆட்டப்பட்டவர் தனியாக ஒரு வாகனத்தில் ஏறவேண்டும். நாங்கள் அவரைத் தலையாட்டி என்போம். அந்தத் தலை அசையுமா அசையாதா என்று பார்த்துக்கொண்டு இருந்த நேரம்போல் நீண்ட நேரத்தை நான் கண்டதில்லை. எங்களுக்கு முன்வரிசையில் ஒரு பையன் எழும்பிப் போனான். தலை ஆடியது. அவன் திரும்பி யாரையோ பார்த்தான். பிறகு வாகனத்தின் பின்கதவு மூடிய சத்தம்.

பயம் வந்தால் எனக்குக் கதை வரும். "தம்பி, பயப்பிடாத. நமக்குப் பின்னால நம்மளோட மாமி இருக்கிறா. தலையாட்டியே அவவக் கண்டா தலைய ஆட்டமாட்டான்" என்றேன். சகலன் முழங்காலைக் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தான். கிறீஸ் கறை படிந்த விரல்கள் அடையாள அட்டையைப் பிடித்திருந்தன.

எங்கள் முறை வந்தது. ஜீப்புக்குள் இருந்த தலை எனக்கு அசையவில்லை. அவனுக்கும் அசையவில்லை. மூச்சு விட்டேன். ஆனால் மேசையில் இருந்த அதிகாரி எங்கள் கதவிலிருந்து கழற்றி வந்த தாளைக் கையில் வைத்திருந்தார். என்னைப் போகச் சொன்னார். அவனை ஒதுங்கி நிற்கச் சொன்னார். பதியாத விருந்தாளி, அதுவும் மாங்கேணி ஆள், விசாரிக்கக் கொண்டுபோக வேண்டும்.

அந்தக் காலத்தில் 'விசாரிக்க' என்ற சொல்லுக்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை.

நான் போகவில்லை. வீரமென்று நினைக்கவேண்டாம். அவனில்லாமல் வீட்டுக்குப் போய் கடைசித் தங்கையின் முகத்தைப் பார்ப்பதைவிட ஜீப் பரவாயில்லை என்று தோன்றியது. கொன்ஸ்டபிளின் கையைப் பிடித்துவிட்டேன்.

"சேர், அவன் விருந்தாளி இல்ல. நான் மடத்தனமா எழுதிப்போட்டன். எங்கட ஆக்கள் பொண் வீட்டுக்கு வந்துதானே இருக்கிற. அட்டையில அம்மாட வீடுதான் கிடக்கும்."

கொன்ஸ்டபிள் கையை மெதுவாக விடுவித்து, அவர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற சொல்லால் என்னைக் கூப்பிட்டார். "எனக்கிட்ட ஏன் சொல்றீங்க காக்கா? நானும் ஏறாவூரான். காத்தான்குடியில பொஞ்சாதிர ஊட்டுலதான் இருக்கன். என்ர அட்டையிலயும் உம்மாட ஊடுதான். விதிமுறைத் தாள்ர பின்பக்கம் வாசிக்கலயா?"

"பின்பக்கமா?"

"பின்பக்கத்துல நாலு வரி கிடக்கே. ஊட்டுச் சொந்தக்காரர் நேர வந்து, இவர் நிரந்தரமா இருக்கிற ஆள்தான் எண்டு எழுதி ஒப்பம் வெச்சா, அட்ட எந்த ஊரா இருந்தாலும் பறவால்ல. நான் என்ர மாமிக்கிட்டக் கடிதம் வாங்கித்தானே குடுத்த."

விதிமுறைத் தாளுக்குப் பின்பக்கம் ஒன்று இருந்திருக்கிறது. நான் அதைத் திருப்பவே இல்லை.

"சொந்தக்காரர் ஆரு?" என்று அவர் கேட்டார். அப்போது பார்த்து என் மூளை சட்டத்தரணியாகிவிட்டது. வீட்டு உறுதிப் பத்திரம் மூன்று மகள்மாருக்கும் என்றும், ஆனால் உயிருள்ளவரை சீவிய உரித்து மாமிக்கு என்றும், கத்தாரில் இருப்பவருக்கு அதில் பங்கில்லை என்றும் விளக்கத் தொடங்கினேன்.

"காக்கா, நிப்பாட்டுங்க. ஊட்டுல ஆர்ர சொல்லு எடுபடும்?"

"மாமிர சொல்லு."

"அவவக் கூட்டி வாங்க. கெதியா."

கூட்டி வரத் தேவையிருக்கவில்லை. மைதானத்துக் கம்பிக்கு வெளியே பெண்கள் கூட்டத்தில் முதல் ஆளாக மாமி நின்றார். கக்கத்தில் உறுதிப் பத்திரம் வைத்த பை. கொன்ஸ்டபிள் அதிகாரியிடம் சிங்களத்தில் நெடுநேரம் கதைத்தார். அதிகாரி மேசையில் கிடந்த சிங்கள விதிமுறைத் தாளைத் திருப்பி அந்த நாலு வரியை வாசித்தார். வாகனத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தலையை அசைத்து மாமியை உள்ளே விடச் சொன்னார்.

மாமி வந்து மேசைக்கு முன்னால் நின்றார். கொன்ஸ்டபிள் ஒரு வெள்ளைத் தாளில் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டினார். மாமி அதை வாங்கித் தானும் ஒருமுறை வாசித்தார். பிறகு திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"இந்தப் பொடியனுக்கு நீங்க பொறுப்பா?"

"என்ர மகள்ர புருசன். நான் பொறுப்பு. சாகுமட்டும் பொறுப்பு." ஒப்பம் வைத்தார்.

"மற்றவருக்கும் வைக்கணும். அவரும் தாள்ல விருந்தாளிதான்."

மாமி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அந்த ஒரு நிமிடம் எனக்குத் தலையாட்டியே மேல் என்று பட்டது.

"ஆளுக்கு நான் பொறுப்பு" என்றார் மாமி. "இவர்ர பகிடிக்குப் பொறுப்பெடுக்க ஏலா."

கொன்ஸ்டபிள் முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தார். அதிகாரி கையால் போகச் சொன்னார்.

வெளியே வந்தபோது உச்சி வெயில். கம்பியோரம் ஒரு தாய் போகிறவர்களிடமெல்லாம் தன் மகனைக் கண்டீர்களா என்று கேட்டுக்கொண்டு நின்றார். எங்களுக்கு முன்வரிசையில் இருந்த பையனின் சட்டை நிறத்தை அவர் சொன்னார். நாங்கள் மூவரும் வாகனம் போன பக்கத்தைக் காட்டினோம்.

வாவிக்கரை வழியாக நடந்தோம். மாமி முன்னால், அவருக்குப் பக்கத்தில் சகலன், பின்னால் நான். பாதித் தூரம் போனதும் மைதானம் கண்ணிலிருந்து மறைந்தது. மறைந்ததும் என் வாய் தொடங்கியது.

"தம்பி, பாத்தியா? விருந்தாளியெண்டா எப்பிடிக் கவனிக்கிறாங்க எண்டு..."

அவன் திரும்பினான். அடையாள அட்டை இன்னும் கையில்தான் இருந்தது, பையில் வைக்கவில்லை. கோபமாக இருந்தால் நல்லது என்று நினைத்தேன். கோபம் இல்லை.

"அண்ணன், இண்டைக்கு வேணாம்" என்றான்.

மாமி நிற்காமல் நடந்தபடி, "புதுத் தாள் வாங்கினா அத சின்ன மருமகனே எழுதட்டும்" என்றார்.

சரி என்றேன். வீட்டு வாசல் வரும்வரை பின்னாலேயே நடந்தேன். கடைசித் தங்கை படியில் நின்றாள். எங்கள் மூவரையும் எண்ணுவதுபோலப் பார்த்தாள். பிறகு அவனுடைய கையிலிருந்து அந்த அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.