இரண்டாம் ஜன்னலில் தாமதம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. சீட்டுப் போட இரண்டு ஜன்னல்கள். முதல் ஜன்னலில் ஒரு நடுவயதுக்காரர், இரண்டாவதில் வத்திராயிருப்பிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஒரு பெண். அவள் வரிசை நகரவே நகராது. சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்ள ராஜபாளையத்திலிருந்து போன என்னிடம் மேனேஜர் சொன்னார்: "சிஸ்டம்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. அந்தப் புள்ளதான் மெதுவு. இந்த மாசத்தோட அனுப்பிருவோம்."

எனக்கு ஆட்களின் பேச்சைவிட, சிஸ்டம் தானாக எழுதிவைக்கும் லாக்கில்தான் நம்பிக்கை. இழுத்தடிக்கும் ஒவ்வொரு தேடலும், டேட்டாபேஸ் அதை எந்த வழியில் தேடியது என்ற விவரத்தோடு லாக்கில் விழும்படி செய்துவிட்டு வந்தேன். சில நாள் கழித்துத் திறந்தால், அத்தனையும் அவள் லாகின்.

"நான்தான் சொன்னேன்லா?" என்றார் மேனேஜர்.

பிறகுதான் தேடிய வழியை நிதானமாகப் படித்தேன். அகரவரிசைப் பட்டியலான இண்டெக்ஸைத் தொடாமல் மொத்த நோயாளிகளையும் ஒருவர் விடாமல் புரட்டியிருந்தது. நம் ஊரில் இனிஷியல் பெயருக்கு முன்னால் வரும். இரண்டும் ஒரே கட்டத்தில் கிடந்தன. இனிஷியல் தெரியாமல் பெயரை மட்டும் தட்டினால், முதல் எழுத்து தெரியாமல் அகராதி பார்க்கிற கதைதான்.

"கார்டு நம்பர் போட்டுத் தேடினா என்னம்மா?" என்று அவளிடம் எரிச்சலாகவே கேட்டேன்.

"கார்டை வீட்டுல வச்சிட்டு வந்திருதாவ சார். அம்புட்டு தூரம் வந்தவியள என்ன செய்ய? பேரை வச்சுத்தான் தேடுதேன்."

முதல் ஜன்னல்காரரிடமும் கேட்டேன்.

"கார்டு இல்லன்னா புது ஆளுன்னு போட்டுருவேன். செத்த நேரத்துல முடிஞ்சிரும்."

முடிந்துவிடும்தான். உள்ளே டாக்டர் திரையில் பழைய சுகர் அளவும் இருக்காது, மாத்திரையும் இருக்காது. கோபம் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

இனிஷியலைத் தனியே பிரித்து, பெயருக்கு இண்டெக்ஸ் போட்டேன். லாக் காலியானது. மேனேஜரிடம் நடந்ததெல்லாம் சொன்னேன். வேகம் கூடியது மட்டும்தான் அவர் காதில் விழுந்தது.

"இப்ப ரெண்டு பேரும் ஒண்ணுதான். அவளும் இருந்துட்டுப் போகட்டும்."

இரண்டு பேரும் ஒன்றில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். காட்ட என்னிடம் லாக் இல்லை.

வெளியே இரண்டாம் ஜன்னல் வரிசையின் கடைசியில் ஒரு அம்மா நின்றார். முதல் ஜன்னல் காலியாக இருப்பதைக் காட்டினேன்.

"அங்க போட்டா டாக்டர் மறுபடியும் முதல்ல இருந்து கேப்பாவ," என்றார். "நான் இங்கயே நிக்கேன்."