தில்லையம்மாள் விட்டுப்போன பெட்ரோல்

பேய் என்றால் அமாவாசை ராத்திரி, சுடுகாடு, நாய் ஊளை என்று நினைப்பவர்கள் இதை நம்பவே வேண்டாம். எனக்கு நடந்தது பட்டப்பகலில். நல்ல வெயில். எதிர் டீக்கடையில் எஃப்.எம். பாடிக்கொண்டிருந்தது. நான் குடிக்கிறவன் இல்லை. பல வருஷமாகக் கார் மெக்கானிக். எங்கே சத்தம் வந்தாலும் முதலில் எந்த போல்ட் லூஸ் என்றுதான் தேடுவேன். அன்றைக்கும் அப்படித்தான் தேடினேன். எதுவும் லூசாக இல்லை.

என் பெயர் ஜான்சன். காஞ்சிபுரத்திலிருந்து முசரவாக்கம் போகிற ரோட்டில் என் ஷெட் இருக்கிறது. பழைய வண்டி என்றால் என்னிடம்தான் வருவார்கள். புது வண்டிக்காரர்கள் என் ஷெட்டைப் பார்த்தால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

அந்த ஃபியட் பிள்ளையார்பாளையம் உமாபதி ஐயாவுடையது. வெளிர் பச்சை நிறம். அவருக்கு வீட்டிலேயே தறி. பட்டு நெய்பவர். ஆனால் அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஓட்டியது அவர் மனைவி தில்லையம்மாள். நெய்த புடவைகளைப் பின் சீட்டில் அடுக்கிக்கொண்டு அந்த அம்மாவே ஓட்டிப் போய்க் கடைகளில் கொடுத்துவிட்டு வருவார்களாம். அந்தத் தெருவில் கார் ஓட்டிய முதல் பொம்பளை அவர்கள்தான் என்று ஐயா பெருமையாகச் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும்முன்பே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வண்டியை யாரும் தொடவில்லை.

இப்போது மகள் அபிநயாவுக்குக் கல்யாணம். சனிக்கிழமை மாப்பிள்ளை அழைப்பு. அம்மாவுடைய வண்டியில்தான் மாப்பிள்ளை வர வேண்டும் என்று அந்தப் பெண் ஒரே பிடிவாதம். வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு என் ஷெட்டுக்கு வந்தார்கள்.

டிக்கியைத் திறந்து பார்த்தேன். பெட்ரோல் டேங்க்கின் மேல்பாதி துருப்பிடித்து ஓட்டை. உள்ளே இருக்கும் ஃப்ளோட்டும் போயிருந்தது. ஃப்ளோட் என்பது ஒன்றுமில்லை. ஒரு கம்பியின் முனையில் மிதக்கிற சின்ன டப்பா. பெட்ரோல் குறையக் குறைய அது இறங்கும். அதற்கேற்றபடி முன்னால் மீட்டரில் முள் இறங்கும். டேங்க், ஃப்ளோட் இரண்டையும் மாற்றியாக வேண்டும் என்று சொன்னேன்.

உமாபதி ஐயா தலையாட்டினார். போகாமல் நின்றார். அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"டேங்க்ல இன்னும் கொஞ்சம் இருக்குதில்ல பா? அது அவ போட்டது. கடைசியா அவ கையால போட்டுக்கினு வந்தது."

"ஆமாங்க ஐயா. கெட்டுப் போயிருக்கும்."

"கெட்டுதான் போயிருக்கும். நாங்க தறியில புதுப் பாவு நூல் ஏத்தும்போது பழசை மொத்தமா அறுத்து எடுக்கமாட்டோம் பா. கொஞ்சம் தறியிலயே வுட்டுட்டு, அதோட இழை இழையா புதுசைப் பிணைப்போம். அந்த மாதிரி... அவளோடதுல ஒரு டம்ளர் புதுசுல சேத்துடு. அபிநயா கல்யாணத்துக்கு அவளும் ஓட்டின மாதிரி இருக்கும்."

சரி என்றேன். முழு மனதோடுதான் சொன்னேன்.

திங்கட்கிழமை டேங்க்கை வடித்தேன். அடியில் சேறு. அதற்கு மேலே நாலு லிட்டர் போலத் தெளிவாக நின்றது. வார்னிஷ் நாற்றம் அடித்தது. கார்களில் வடிக்கிற பெட்ரோலைத் துணியில் வடிகட்டி, ஆயில் கலந்து என் டிவிஎஸ் வண்டியில் ஊற்றிக்கொள்வது என் வழக்கம். அதையே செய்தேன். பழக்கத்தில் கை தானாகச் செய்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் கேனில் கடைசி ஒரு டம்ளர் இருக்கும்போது ஐயா சொன்னது ஞாபகம் வந்தது. நிறுத்தினேன். இந்தக் குப்பையை ஊற்றினால் கார்பரேட்டர் அடைத்துக்கொள்ளும், மாப்பிள்ளை நடுத்தெருவில் நிற்பார், கெட்ட பேர் எனக்கு என்று யோசித்தேன். அதையும் டிவிஎஸ்ஸில் ஊற்றிவிட்டேன்.

ஊற்றும்போது மனசு உறுத்தியது. பெட்ரோலுக்கு யார் போட்டது என்று பேரா எழுதியிருக்கிறது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் சென்னைக்குப் போய், புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் அலைந்து டேங்க்கும் ஃப்ளோட்டும் வாங்கி வந்தேன். வியாழக்கிழமை காலையில் மாட்டினேன். புது பெட்ரோல் ஐந்து லிட்டர் ஊற்றினேன். ஐயா வந்தார்.

"சேத்துட்டியா பா?"

"சேத்துட்டேங்க ஐயா."

டிக்கி மூடியை உள்ளங்கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பூசை அறையில் செய்வதை என் ஷெட்டில் செய்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அவர் போன பிறகு சாவியைப் போட்டேன். பெட்ரோல் முள் எழும்ப வேண்டும். எழும்பவில்லை. காலி என்ற இடத்திலேயே படுத்துக் கிடந்தது.

ஒயர் போயிருக்கும் என்று நினைத்தேன். கழற்றி வண்டியின் பாடியில் உரசினேன். முள் சட்டென்று ஃபுல் வரைக்கும் ஏறியது. அப்படியானால் மீட்டர் நல்ல மீட்டர். ஃப்ளோட்டை வெளியே எடுத்துக் கையில் வைத்துத் தூக்கினேன். முள்ளும் ஏறியது. இறக்கினேன். இறங்கியது. ஆக ஃப்ளோட்டும் நல்ல ஃப்ளோட். டேங்க்குக்குள் வைத்தேன்.

காலி.

ஒரு குச்சியை உள்ளே விட்டுப் பார்த்தேன். நாலு விரல் உயரத்துக்கு நனைந்திருந்தது. பெட்ரோல் இருக்கிறது. முள் மட்டும் இல்லை என்கிறது. சரியான பேஜார். டீ குடித்துவிட்டு வந்து பார்க்கலாம் என்று எதிர்க் கடைக்குப் போனேன்.

திரும்பி வந்து டிரைவர் சீட்டில் உட்காரப் போனால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.

சீட் முன்னால் நகர்ந்திருந்தது. நான் நல்ல உயரம். காலையில்தான் அதைப் பின்னால் தள்ளியிருந்தேன். துருப்பிடித்த சீட். இரண்டு கையாலும் பிடித்து, காலை உதைத்துத்தான் தள்ள முடிந்தது. அது தானாக நகராது. பின்னால் வருவதைக் காட்டும் மேல் கண்ணாடியைப் பார்த்தேன். அதுவும் கீழே சாய்ந்திருந்தது. குள்ளமாக இருப்பவர்கள் வைத்துக்கொள்கிற மாதிரி...

யாரோ வந்து விளையாடிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டேன். ரோட்டில் ஒருத்தரும் இல்லை. டீக்கடையிலிருந்து நான் ஷெட்டைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

சீட்டைப் பின்னால் தள்ளினேன். கண்ணாடியை நிமிர்த்தினேன். டிக்கிப் பக்கம் போனேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டொக்...

கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும்.

டொக்...

டேங்க்குக்குள்ளிருந்து வந்தது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். காலி டேங்க்கின் தரையில் ஃப்ளோட் இடிக்கிற சத்தம். ஆட்டினால்தான் வரும். பெட்ரோல் இருந்தால் வராது. வண்டி அசையவே இல்லை. உள்ளே பெட்ரோல் இருந்தது.

உடனே ஷெட்டைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் நாளை மறுநாள் மாப்பிள்ளை அழைப்பு. வண்டி ஓடியாக வேண்டும். ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும். மதியம் மூன்று மணி இருக்கும், வண்டியை எடுத்தேன்.

இன்ஜின் அருமையாக ஓடியது. முசரவாக்கம் பக்கம் போனேன். ஆளில்லாத ரோடு. இரண்டு பக்கமும் வயல். பயமெல்லாம் போய்விட்டது. என்னை நானே கிண்டல் பண்ணிக்கொண்டேன்.

வண்டி இருமியது. இன்னொரு முறை இருமியது. நின்றுவிட்டது.

ஓரம்கட்டி இறங்கி, டிக்கியைத் திறந்து குச்சியை விட்டேன். காய்ந்த குச்சியாகவே வெளியே வந்தது. ஒரு சொட்டு ஈரமில்லை. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். எங்கேயும் ஒழுகவில்லை. ஐந்து லிட்டர் பெட்ரோல் எங்கே போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வெயிலில் நிற்க முடியாமல் உள்ளே போய் உட்கார்ந்தேன். கதவைச் சாத்தினேன்.

வார்னிஷ் நாற்றம்.

திங்கட்கிழமை என் கேனில் அடித்த அதே நாற்றம். புது டேங்க். புது பெட்ரோல். ஆனால் அதே நாற்றம்.

கண்ணாடி மெதுவாகக் கீழே சாய்ந்தது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே...

அப்புறம்... கிரீச்...

சீட் நகர்ந்தது.

நான் அதில் உட்கார்ந்திருக்கிறேன்.

காலைத் தரையில் ஊன்றி அழுத்தினேன். நிற்கவில்லை.

கிரீச்... கிரீச்...

முழங்கால் இடித்தது. ஸ்டியரிங் நெஞ்சில் பதிந்தது.

கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை.

மூச்சு விட முடியவில்லை.

இயேசுவே என்றுதான் கத்த நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

"நான்தாம்மா எடுத்தேன். ஐயாகிட்ட பொய் சொல்லிட்டேன். திருப்பி ஊத்திடறேம்மா..."

சீட் நின்றது.

கதவு தானாகத் திறந்துகொண்டது. ரோட்டில் போய் விழுந்தேன். எழுந்து என் மனைவி சுகாசினிக்குப் போன் பண்ணி, டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு உடனே வரச் சொன்னேன். வந்தாள். டிவிஎஸ்ஸில் டியூப் போட்டு வடித்தேன். ஒரு லிட்டர் பாட்டில் நிறைய வந்தது. அதுதான் இருந்தது. ஃபியட்டின் டேங்க்கில் ஊற்றினேன். ஊற்றும்போது கும்பிட்டுக்கொண்டே ஊற்றினேன்.

சாவியைப் போட்டேன். முள் எழுந்தது. கால் டேங்க் வரைக்கும் ஏறி நின்றது. ஊற்றியது ஒரே ஒரு லிட்டர். குச்சியை விட்டுப் பார்த்தேன். உண்மையாகவே கால் டேங்க் இருந்தது. முகர்ந்து பார்த்தேன். பழைய பெட்ரோல்.

கேள்வி கேட்கிற நிலைமையில் நான் இல்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டேன், கணக்கு தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டியை நானேதான் ஓட்டினேன். ஐயா கேட்டுக்கொண்டார், மறுக்க முடியவில்லை. ஒரு முறைகூட இருமாமல் ஓடியது. சத்திரத்து வாசலில் நிறுத்தியதும் உமாபதி ஐயா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் தண்ணீர். "அவ வந்துட்டா பா," என்றார். நான் சொன்னது பொய் என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். கல்யாண வீட்டில் எதற்கு என்று விட்டுவிட்டேன். இன்னும் சொல்லவில்லை.

கல்யாணம் முடிந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, சுகாசினியிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். எடுத்தது, பொய் சொன்னது, சீட் நகர்ந்தது, எல்லாம். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஏங்க, அன்னிக்கு ரோட்டுல டிவிஎஸ்லேர்ந்து நீங்க வடிச்சது அந்தப் பழைய பெட்ரோல் இல்லீங்க," என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"செவ்வாக்கெழமை நீங்க சென்னைக்குப் போயிருந்தீங்க இல்ல, அன்னிக்கு நான் டிவிஎஸ்ஸ எடுத்துக்கினு எங்கம்மா வூட்டுக்குப் போனேன். வழியில ஒரு அம்மா கை காட்டி நிறுத்தனாங்க. கையில ஒரு தூக்கு வெச்சிக்கினு இருந்தாங்க. பொண்ணுக்குக் கல்யாணம், வண்டியில பெட்ரோல் இல்ல, வூட்டுக்காரருக்கு ஓட்டவும் தெரியாது, கொஞ்சம் குடுமான்னு கேட்டாங்க. எடுத்துக்கோங்கன்னு சொன்னேன். மொத்தத்தையும் வடிச்சிக்கினாங்க. நான் வண்டிய பங்க் வரைக்கும் தள்ளிக்கினு போயி புதுசா போட்டேன். நீங்க திட்டுவீங்கன்னுதான் சொல்லல."

யார் என்று கேட்கவில்லையா என்றேன்.

"பேர் கேட்டேன். தில்லைன்னாங்க."

சுகாசினி பிள்ளையார்பாளையம் பக்கம் போனதே கிடையாது. உமாபதி ஐயாவின் மனைவி பெயரை நான் அன்று சாயங்காலம்வரை அவளிடம் சொன்னதில்லை. அன்று நடந்ததைச் சொல்லும்போதும் 'அந்த அம்மா' என்றுதான் சொன்னேன்.

அவளே மேலும் சொன்னாள்.

"உங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்க. திருடிட்டாருன்னோ, என்னுதுன்னோ ஒரு வார்த்தை சொல்லல. பிச்சை கேக்கற மாதிரி ரெண்டு கையாலயும் தூக்கை நீட்டிக்கினு நின்னாங்க. நான் குடுத்ததுக்கு என்னைப் பார்த்து கும்பிட்டுட்டுப் போனாங்க."