பாய் பிடுங்கிய கேபிள்

என் மேசை இழுப்பறையில் சுருட்டி வைத்த நீலக் கேபிள் ஒன்று கிடக்கிறது. அடையாளத்துக்காக அதன் முனையில் நான் பூசிய சிவப்பு நகப்பூச்சு இன்னும் உரியவில்லை. அதைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வரும்.

கள்ளக்குறிச்சியில் பாய்க்கு ஜவுளிக்கடை. அவர் மகள் கணினித் தேர்வுக்குச் சேலம் போய், பஸ் தாமதமாகி, மூடிய கேட்டுக்கு வெளியே நின்று அழுதுவிட்டு வந்தாள். அன்றிலிருந்து, கடை மாடியில் தேர்வு மையம் வைத்தே தீருவேன் என்று பாய் ஒற்றைக் காலில் நின்றார். "டவுன்ல இருக்கிற எம்பொண்ணுக்கே இந்தக் கதின்னா, வெள்ளிமலைலருந்து எறங்கி வர்ற புள்ளைங்க இன்னாம்மா பண்ணும்?" என்பார். அறுபது கணினிகள் வாங்கிப் போட்டார். அவற்றை இணைத்துத் தர நைனார்பாளையத்திலிருந்து வண்டியில் வந்துபோனவள் நான்.

முதல் சோதனையில் அறுபதும் ஒரே நேரத்தில் வினாத்தாளைக் கேட்டதும் எல்லாம் ஊர ஆரம்பித்துவிட்டன. கணினிக் கம்பிகள் வந்து சேரும் சுவிட்ச் பெட்டி சர்வர் அறையில் ஒன்று, ஹாலில் ஒன்று; இரண்டுக்கும் நடுவே ஒரே கேபிள்தான், அத்தனையும் அதில் நெரிந்தது. இரண்டாவது கேபிளை இழுத்து, ஒரு முனையைச் சொருகி மறுமுனையைத் தொங்கவிட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் ஒரு கணினியும் அசையவில்லை, சுவிட்ச் விளக்குகள் பேய் பிடித்தாற்போல் மின்னுகின்றன. "சும்மா தொங்கிக்கினு இருந்துச்சேன்னு நாந்தாம்மா சொருவுனேன். ரெண்டுன்னா ஜாஸ்திதானே?" என்றார் பாய்.

எனக்கு வந்த கோபமே! "ஐயோ பாய்! ரெண்டும் சேந்து ஒண்ணுன்னு சுவிட்சுக்கு நாம சொல்லணும். இல்லாட்டி இப்பிடிப் போன டேட்டா அப்பிடித் திரும்பி வந்து சுத்திக்கினே கெடக்கும்." உடனே உட்கார்ந்து, இரண்டு சுவிட்சிலும் கேபிள் சொருகும் போர்ட்டுகள் இரண்டிரண்டை, கணினி வழியே கட்டளை கொடுத்து ஒரே கட்டாகக் கட்டினேன். அறுபது வினாத்தாள்களும் மளமளவென்று திறந்தன. அடடா, எனக்குத் தலைகால் புரியவில்லை! "இனிமே ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தாங்கும் பாய்" என்று பீற்றிக்கொண்டேன். அது படித்ததுதான், செய்து பார்த்ததில்லை.

அனுமதி தரும் அதிகாரி வந்த அன்று அறுபது பிள்ளைகள் மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள். "கேபிள் போச்சுன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் பாய் குனிந்து, சிவப்பு அடையாளமிட்ட கேபிளைப் பட்டென்று பிடுங்கிக் காட்டிவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. ஹாலில் ஒரு தலையும் நிமிரவில்லை. மவுஸ் சத்தம் மட்டும் விடாமல் கேட்டது. அதிகாரி தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் படியிறங்கியதும் கத்தினேன். "எல்லாம் நின்னு போயிருந்தா?" பாய்க்கு என் கோபம் புரியவேயில்லை. "தாங்கும்னு நீதானம்மா சொன்ன?" என்றார். என் வார்த்தையை நானே அவ்வளவு நம்பியிருக்கவில்லை.

நான் சென்னைக்கு வேலைக்குக் கிளம்பியபோது, அங்கே புதுக் கேபிள் போட்டுவிட்டு இதைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். இங்கே எட்டெட்டு போர்ட்டுகளாகக் கட்டுகிறேன். போன வாரம் பெரிய நிறுவனம் ஒன்றில் அதே கேள்வியைக் கேட்டார்கள். நான் குனிந்து கேபிள் ஒன்றைப் பிடுங்கிக் காட்டினேன்.

மேசைக்கு வந்ததும் இழுப்பறையைத் திறந்து வைத்துக்கொண்டு பாய்க்குப் போன் போட்டேன். "பாய், இன்னிக்கி நானே புடுங்கிட்டேன்!"

"நின்னு போச்சா?"

"இல்ல பாய், ஓடிக்கினே இருக்குது!"

"பின்ன? நீதானம்மா கட்டுன" என்றார்.