ஒன்பதில் ஒன்று

மில்லர்புரத்து ஜீவமணி டீச்சருக்குப் பொய் ஆகாது. பொய்யைக் கேட்டால் முதலில் அவள் கழுத்து நரம்பு புடைக்கும். வாய் அப்புறம்தான் திறக்கும். 1944இல் ஒரு பொய் அவள் கலியாணத்துக்குள்ளேயே நுழையப் பார்த்தது.

மாப்பிள்ளை செல்வதுரை, அத்தை மகன், துறைமுகத்தில் குமாஸ்தா. அவன்மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை. தொல்லை வேறிடத்தில். அவள் தம்பி கிருபைக்குப் பிறவியிலேயே காது கேட்காது; கையசைவால்தான் பேசுவான். பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் சாக்குத் தைக்கிறவன். பின்னால் வந்த வண்டி ஏறிக் கால்விரல் இரண்டு போயிற்று. செல்வதுரையின் தங்கை நேசமணிக்கும் அதே காதுக் குறை. இரண்டு வீட்டுப் பெற்றோரும் சொந்தத்துக்குள்ளேயே கட்டியவர்கள்.

அவள் அப்பா ஜெயசிங்கிடம் டாக்டர் ஒருவர் எப்போதோ, இப்படிப்பட்ட வீட்டில் காது கேட்காத பிள்ளை "நாலில் ஒன்று" என்று சொல்லியிருந்தார். அவர் அதையே பிடித்துக்கொண்டார்.

"ஏளா, ரெண்டு வீட்லயும் ஒண்ணொண்ணு வந்தாச்சு. கண்டம் கழிஞ்சிட்டு. இனிப் பயமில்ல."

"அது என்ன ரேஷன் அட்டையாப்பா, ஒரு தரம் வாங்கினா கோடு போட்டுருவாங்கன்னு? வயித்துக்கு முந்தின பிள்ள ஞாபகம் இருக்காது."

பாளையங்கோட்டையில் படித்த, பெற்றோர் குணம் பிள்ளைக்கு எப்படி வரும் என்ற பட்டாணிச் செடிப் பாடம் அவளுக்கு மறக்கவில்லை. நாலு புளியங்கொட்டையை வரிசையாக வைத்தாள்.

"பிள்ள நாலு விதமாப் பிறக்கலாம். தாய் தகப்பன் ரெண்டு பேர்கிட்டயும் இருந்து குறை வந்தாத்தான் காது போவும். இந்த நாலாவது கொட்டை அது. எனக்குத்தான் கேக்குதே, அப்ப அது எனக்கில்ல." அதை எடுத்து எறிந்தாள். "மிச்சம் மூணு. அதுல ரெண்டுல குறை ஒளிஞ்சி கெடக்கு. நான் அதைச் சுமக்க மூணுல ரெண்டு பங்கு. அத்தானுக்கும் அப்படித்தான். எனக்கு வந்தது அவங்களக் கேட்டு வரல, அதனால பெருக்கலாம். ரெண்டு பேர்கிட்டயும் இருக்க ஒம்பதுல நாலு. ரெண்டு பேரும் சுமந்தா, பிள்ளைக்கு நாலுல ஒண்ணு. மொத்தத்துல ஒம்பதுல ஒண்ணு."

"மிச்சம் எட்டு நல்லதுதானளா!"

"நான் ஒத்துக்கிடுதேன். அத்தானும் தெரிஞ்சி ஒத்துக்கிடட்டும். அவங்களுக்குத் தெரியாமக் கட்டமாட்டேன்."

நிச்சயம் ஆன பிறகு மாப்பிள்ளையோடு பேசக் கூடாதென்பது வீட்டுச் சட்டம். அவள் எழுதிய கடிதத்தை அப்பா அடுப்பில் போட்டார். சொன்னால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று அவருக்குப் பயம். அவளுக்கும் அதே பயம்தான், இன்னும் கூடுதலாகவே.

வேதக்கோயிலில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் என்று அறிவிக்கும் கலியாண ஓலை வாசிப்பார்கள். தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்பார் குருவானவர். அங்கே இதுவரை ஒருவரும் வாய் திறந்ததில்லை. மூன்றாம் ஓலைக்குச் செல்வதுரை வந்திருந்தான். குருவானவர் வழக்கம்போல் கேட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டப் போனார். மணப்பெண்ணே எழுந்து நின்றாள்.

ஆண்கள் பக்கம் இருந்த கிருபை அக்காளைப் பார்த்தான். பாட்டு தொடங்கிவிட்டதாக்கும் என்று நினைத்து, பாட்டுப் புத்தகத்தை விரித்துக்கொண்டு அவனும் எழுந்தான். கோயில் முழுக்க அவர்கள் இரண்டு பேர்தான் நின்றார்கள். தம்பியைக் குறை சொல்லவா நிற்கிறோம் என்று ஜீவமணிக்குத் தோன்றியது. ஆனாலும் சொன்னாள்.

"தடை இல்ல ஐயா, ஒரு கணக்கு. எங்களுக்குப் பிறக்கிற பிள்ளைக்குக் காது கேக்காமப் போக ஒம்பதுல ஒண்ணு இருக்கு. அத்தானுக்கு யாரும் சொல்லல."

செல்வதுரை எழுந்தான். கிருபையின் பக்கத்தில் போய் நின்று, புத்தகத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

"சரியாப் பெருக்குனியா, ஜீவமணி?"

"மூணு தரம், அத்தான்."

"அப்ப சொன்ன நாள்லயே கலியாணம், ஐயா."

முதல் பிள்ளை பெண். வயது ஒன்றாகியும், கதவைப் படாரென்று சாத்தினால் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெயசிங், "இத்தோட கண்டம்…" என்று ஆரம்பித்தார்.

ஜீவமணி அழுது முடித்து முகம் கழுவிவிட்டு வந்தாள். "இல்லப்பா. ரெண்டு பேரும் சுமக்குதோம்னு இப்பத் தெரிஞ்சிட்டு. அடுத்ததுக்கு ஒம்பதுல ஒண்ணு இல்ல, நாலுல ஒண்ணு."

பிறகு கிட்டங்கிக்கு ஆள் அனுப்பிக் கிருபையை வரச் சொன்னாள். பிள்ளைக்குக் கைப்பேச்சு கற்றுக்கொடுக்க வேண்டும். இரண்டு வீட்டிலும் அதை அவனைவிட நன்றாகப் பேசுகிறவர் யாருமில்லை.