பதிவேட்டில் விழுந்த வரி

நான்கு வருடம் இறையியல் படித்துவிட்டு வந்தவள் ஒரே ஒரு பிரசங்கம் செய்தாள். முன்வரிசையில் பெற்ற அப்பாவே குறட்டை விட்டார். அத்தோடு அந்தப் பிழைப்பு முடிந்தது. தொழிற்சங்கத்தின் சட்ட உதவி அறையில் சேர்ந்தாள்; அங்கே அவளுக்குப் 'பிரசங்கியார்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அண்ணனும் தன் பங்குக்கு விடவில்லை.

"கடவுளைப் பத்திப் படிச்சிட்டு சலவைக்கூடத்துச் சண்டைக்குப் போறியே, அவர் கோச்சுக்க மாட்டாரா?"

"அவர் கோபமெல்லாம் வேற ஆளுங்க மேலண்ணா."

உண்மையில், கல்லூரியில் அவளுக்குப் பிடித்தது பழைய கையெழுத்துப் படிகளை ஒப்பிடுவதுதான். ஒரே மாதிரி முடியும் இரண்டு வரிகள் வந்தால், பார்த்து எழுதுகிறவனின் கண் முதல் வரியிலிருந்து அடுத்ததற்குத் தாவிவிடும். நடுவில் இருப்பது விழுந்துபோகும். மற்றவர்கள் மோட்சத்துக்கு வழி தேடியபோது, இவள் அங்கே யாரோ தூங்கி வழிந்த இடங்களைத் தேடிக்கொண்டிருந்தாள்.

இந்த முறை வழக்கு, மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பதினோரு வருடம் துணி வெளுத்த ஓர் அக்காவுடையது. எட்டு நாள் வரவில்லை என்று நீக்கிவிட்டார்கள். தினமும் வந்தேன் என்றார் அக்கா. வருகிறவர்கள் பெயரை எழுதும் வாசல் பதிவேட்டில் அந்த எட்டு நாளும் அவர் பெயர் இல்லை. ஐம்பது வயதில், வேலைக்கு மட்டம் போட்டவள் என்ற பட்டத்தோடு வேறு எங்கே போவது?

விசாரணை நாளன்று, பிரசங்கியார் பதிவேட்டை விரலால் வரிவரியாகத் தடவினாள். தொழிலாளர் அலுவலர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தாம் நாள் பக்கத்தில் விரல் நின்றது.

"சார், அன்னிக்கு நீங்க லீவா?" என்று மேனேஜரைக் கேட்டாள்.

"நானா? கீழ கையெழுத்து இருக்கே, பாருங்கம்மா."

"கையெழுத்து இருக்கு, மேல ஆளைக் காணோமே. 'சலவை, ஆறு மணி'ன்னு முடியற வரியிலிருந்து, அதே மாதிரி முடியற இன்னொரு வரிக்கு எழுதினவர் கண்ணு தாவிடுச்சு. மத்த நாள் பக்கத்துல அந்த ரெண்டு வரிக்கு நடுவுல வர்ற நீங்களும் இன்னும் நாலு பேரும் இங்க விழுந்துட்டீங்க. தினமும் வாசல்ல எழுதற நோட்டுல அப்படி விழாது. இது ஒரே மூச்சுல பார்த்து எழுதினது. இந்தப் பக்கத்துல மட்டும் அசல்ல இருந்த மொத்தத்தை மாத்த மறந்துட்டாங்க, முப்பத்திரண்டுன்னு கீழ இருக்கு. மேல இருபத்தாறு பேர்தான். அஞ்சு பேர் தவறி விழுந்தீங்க. ஆறாவது ஆள் எங்க?"

மேனேஜருக்கு முகம் செத்துவிட்டது. அலுவலர் கேட்டதும் அசல் ஏடு மறுநாளே வந்தது. எட்டு நாளும் அக்காவின் பெயர் அதில் இருந்தது.

வேலைக்குத் திரும்பலாம் என்று உத்தரவைப் படித்து முடித்த பிறகும் அக்கா எழுந்திருக்கவில்லை.

"வேலை கெடச்சது சரி சார். அந்தப் பொய் நோட்டுலயும் நான் வந்தேன்னு எழுதிடுங்க. நாளைக்கு யாராவது எடுத்துப் படிச்சா?"

அலுவலர் பேனாவைப் பிரசங்கியாரிடம் நீட்டினார். நான்கு வருடம் எத்தனையோ விழுந்த வரிகளைப் பார்த்தவள் அவள். ஒரு வரிகூட எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, என்னைத் திரும்ப எழுது என்று கேட்டதில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அவள் மறைக்கவில்லை. எட்டுப் பக்கத்திலும் அக்காவின் பெயரை எழுதினாள்.

ஒவ்வொன்றையும் அக்கா வாய்விட்டுப் படித்துப் பார்த்த பிறகே எழுந்தார்.