மாவுக்கட்டும் இதய பிஸ்கட்டும்

காதலர் தினம் நெருங்கிக்கொண்டிருந்தபோது என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டில் முறிவு. மாவுக்கட்டு போட்டுக்கொண்டு ஆட்டோவில் திரும்பும்போது வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பிஸ்கட்டுக்கு ஆர்டர் எடுத்து வச்சிருக்கேனே" என்றாள்.

தீப்பெட்டி ஆபீஸ் மேற்பார்வை வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற பிறகுதான் அவள் இதைத் தொடங்கியிருந்தாள். போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு கேக்கும் பிஸ்கட்டும் வீட்டிலேயே செய்து கொடுப்பாள். பிப்ரவரி வந்தால் மில்லுக்குப் போகிற பிள்ளைகளும் காலேஜ் பிள்ளைகளும் இதய வடிவ பிஸ்கட் கேட்டு வருவார்கள். சிவப்பு ஐசிங் பூசி, மேலே வெள்ளையில் எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு அதில் ஒரு வேலையும் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பவர்களிடம் டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுப்பதோடு சரி.

"எல்லாருக்கும் போன் போட்டு முடியாதுன்னு சொல்லிருவோம்" என்றேன்.

"ஒத்துக்கிட்டாச்சு. நீங்க செய்யுங்க. நான் பக்கத்துல உக்காந்து சொல்லுதேன்."

ஆஸ்பத்திரி அலைச்சலிலேயே எனக்கு உடம்பு விட்டுப்போயிருந்தது. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றேன்.

மறுநாள் காலையில் சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு, கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் மைதாவையும் வெண்ணெயையும் பொடித்த சர்க்கரையையும் பிசைந்தேன். சப்பாத்தி மாவு மாதிரி ஓங்கிப் பிசைந்ததற்கு வசவு விழுந்தது. முதல் தட்டு ஓரமெல்லாம் கருகிவிட்டது. இரண்டாவது தட்டு ஓவனில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. வேகாத மாவை அள்ளிக் கொட்டினேன். மத்தியானத்துக்குள் இடுப்பு கழன்று விழுகிற மாதிரி இருந்தது. மாத்திரை மயக்கத்தில் அவள் கண்ணை மூடுவாள். நான் அடுப்படியில் உட்காரப் போனால் சரியாக விழித்துக்கொள்வாள். "மாவை மூடி வைங்க, காஞ்சிரும்."

எல்லாம் ஆறிய பிறகு ஐசிங். மருதாணிக் கோன் மாதிரி சுருட்டிய தாளில் அடைத்து, நுனியை வெட்டிக் கொடுத்தால் நூல் போல இறங்க வேண்டும். எனக்குப் புழு மாதிரி இறங்கியது. முதல் பிஸ்கட்டுக்கு ஓரம் கட்டி அவளிடம் காட்டினேன்.

"என்னங்க, இது இதயமா, வெத்தலையா?"

"சுண்ணாம்பு தடவிட்டா ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன்.

சிரித்துவிட்டாள். சிரித்ததில் கை அசைந்து, உடனே முகம் சுளித்தாள்.

சிவப்பு காய்ந்ததும் எழுத்து வேலை. தமிழ் எழுத்தில் ஐ லவ் யூ. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளிடம் நான் வாய்திறந்து சொல்லாத வார்த்தை அது. அவளும் சொன்னதில்லை. யாரோ யாருக்கோ சொல்வதை அன்று பொழுதுசாய எழுதிக்கொண்டிருந்தேன். "லவ்வுல புள்ளிய விட்டுட்டீங்க" என்று அவள் திருத்திக்கொண்டிருந்தாள். ஒருவர் மட்டும் 'உயிரே' என்று கேட்டிருந்தார். அந்த உகரச் சுழியை மூன்று தடவை வழித்துவிட்டு எழுதினேன். கடைசிப் பிஸ்கட்டைத் தட்டில் வைத்தபோது விரல்கள் மடங்கினபடியே நின்றுவிட்டன.

மறுநாள், காதலர் தினத்தன்று, காலையிலிருந்தே ஆட்கள் வந்தார்கள். பலரும் திறந்து பார்க்காமலே வாங்கிக்கொண்டு போனார்கள். மில் ஆபீசில் வேலை பார்க்கிற ஒரு பெண் மட்டும் வாசலிலேயே டப்பாவைத் திறந்தாள்.

"அக்கா எழுத்து மாதிரி தெரியலையே?"

மனைவி கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். அந்தப் பெண் பதறிப்போய் விசாரித்துவிட்டு, "இருக்கட்டும்க்கா. நான் யாருக்குக் குடுக்கப்போறேனோ அவிய எழுத்தும் இப்படித்தான் கோணலா இருக்கும்" என்று சொல்லிப் போனாள்.

சாயங்காலம் பைக்கில் ஒரு பையன் வந்தான். 'உயிரே' கேட்டவன். டப்பாவைத் திறந்து பார்த்தான். "நீங்க அனுப்புன படத்துல இருந்த மாதிரி இல்லையே" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. டப்பாவை மூடி நாற்காலி மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

திரும்பினால் அவள் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

"ஒரு டப்பா போனாப் போகுது, விடு."

"டப்பாவுக்கா அழுதேன்? இந்தக் கை பழையபடி ஆகலேன்னா என்ன செய்ய?"

ஆகும் என்று சொல்லியிருக்கலாம். டாக்டரே அப்படி உறுதியாகச் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு போய்ப் பரோட்டா வாங்கி வந்தேன். அவளுக்கு இடது கையால் பிய்க்க வரவில்லை. சின்னச் சின்னதாகப் பிய்த்து, சால்னா ஊற்றி ஊறவைத்துக் கொடுத்தேன். ஸ்பூனில் எடுத்தால் வழுக்கி விழுந்தது. பிறகு நானே ஊட்டினேன். முதல் வாய்க்கு வாசல் கதவைப் பார்த்தாள், யாராவது வருகிறார்களா என்று. அதன் பிறகு பார்க்கவில்லை.

"நாளைக்கு என் தலைய வாரிவிடுவீங்களா?" என்றாள். "பக்கத்து வீட்டுல தினமும் போய்க் கேக்கக் கூச்சமா இருக்கு."

மறுநாள் காலையில் வாரினேன். சிக்கு எடுக்கத் தெரியாமல் இழுத்துவிட்டேன்.

"வலிக்குதா?"

"வலிக்கத்தான் செய்யுது. நீங்க வாருங்க."